மழை நாட்களில் பார்த்தவை

மூன்று நாளாகக் கூடலூரில் விடாத மழை. அம்மாவும் நானும் போர்வைக்குள் உட்கார்ந்து படமாகப் பார்த்துத் தீர்த்தோம்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எனக்கு இரண்டாவது தடவை. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாக நடந்தது, முடிவும் தெரியும். ஆனாலும் மழைத் தண்ணீர் அந்தக் குழிக்குள் இறங்கும்போது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நண்பனுக்காக நண்பனே கயிற்றில் இறங்குகிறான். அதைவிடப் பெரிய வீரத்தைச் சமீபத்தில் எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

கேரளத்தில் தந்தத்துக்காக யானைகளை வேட்டையாடுவதைப் பற்றிய 'போச்சர்' தொடரும் நன்று. நிமிஷா சஜயனுக்காகவே பார்க்கலாம்.

ஆனால் மனதில் நிற்பது 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' தான். 2023இல் ஆஸ்கர் வாங்கிய, நாற்பது நிமிட ஆவணப்படம். மைசூர் பஸ்ஸில், முதுமலை யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். யானை தெரிந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். மின்சாரம் தாக்கித் தாயை இழந்த குட்டி யானை ரகுவை, அங்கேயே யானைகளைப் பராமரிக்கும் பொம்மனும் பெள்ளியும் பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அதட்டுவதும், எல்லாம் நம் வீட்டுக் குழந்தைக்குச் செய்வது போலவே. அப்புறம் அவனை வேறு பாகனிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த இடத்தில் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் அவசரப்படவே இல்லை, அந்தப் பிரிவை நம்மையும் அனுபவிக்க விடுகிறார். அம்மா அழுதுவிட்டார், நானும்தான்.

இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறார். கரண்ட் இருந்தால் இன்று இரவே பார்ப்போம்.