வரிக்குக் கை தூக்கும் ஊர்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர், அரசியல் சாசனம் எழுதிய ஆண்டு 1787, திருத்தங்கள் 27 என்று உருப்போடுகிறார்கள். மனப்பாடம் நம்மவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சி கூடாது, அதிகாரம் ஒரே கையில் குவியக் கூடாது என்பதெல்லாம் எனக்கு உறைத்தது பாஸ்டனுக்கு மேற்கே, எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தில்.

மாசசூசெட்ஸின் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்க்கூட்டம்தான் சட்டமன்றம். 'டவுன் மீட்டிங்' என்பார்கள். பதிவுபெற்ற வாக்காளர் எவரும் வந்து உட்காரலாம், பேசலாம், வாக்களிக்கலாம். நம் கிராம சபையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அன்றாட நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு குழு ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் குழு தன் விருப்பப்படி பட்ஜெட்டை நிறைவேற்றிவிட முடியாது. கூட்டத்தை நடத்துவதும் அந்தக் குழு அல்ல. அதற்கென்று மாடரேட்டர் ஒருவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். முன்கூட்டியே அறிவித்த பட்டியலில் இல்லாத எதையும் தீர்மானிக்க முடியாது. ஆளுகிறவரின் கையைக் கட்டிப்போடும் ஏற்பாடு தீயணைப்பு வண்டி வாங்குவதுவரை இறங்கி வந்திருக்கிறது.

நான் முதலில் போனபோது கிரீன் கார்டு மட்டுமே இருந்தது. வாக்காளர் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைய பேச்சு வரியைப் பற்றியது. இம்மாநிலத்தில் ஓர் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, புதிய கட்டடங்களால் வருவது நீங்கலாக, ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. 1980-ல் மக்களே வாக்கெடுப்பில் கொண்டுவந்த சட்டம் அது. அதற்கு மேல் உயர்த்த வேண்டுமானால் ஊர் முழுவதும் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி ஒருவர், இன்னும் ஒரு முறை வரி ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்றார். அடுத்து எழுந்த இளம் தாய், ஒரே வகுப்பில் இத்தனை பிள்ளைகளை அடைத்தால் யார் படிப்பது என்று கேட்டார். இருவருக்கும் ஒரே கால அளவு. இருவர் பேசும்போதும் அரங்கம் அமைதியாக இருந்தது. இருவர் சொன்னதும் நியாயம். அதைத் தீர்க்க வானத்திலிருந்து யாரும் வரப் போவதில்லை, அங்கே இருந்தவர்களே கை தூக்கித் தீர்க்க வேண்டும் என்பது என்னை உலுக்கியது.

வரி கட்டும் எனக்கு வாக்கு இல்லை என்பதும் உறுத்தியது. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களின் முறையீடும் அதுதானே? எங்கள் பிரதிநிதி இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்கள்மேல் வரி போடக் கூடாது என்றார்கள். கொட்டப்பட்டது, சென்னையில் கோட்டை கட்டி வணிகம் நடத்திய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. மேரிலாந்தின் டகோமா பார்க் நகரில் 1992 முதல் குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். இங்கே கேம்பிரிட்ஜ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஊர்கள் அப்படிச் செய்ய விரும்பியும், மாநிலச் சட்டமன்றம் அனுமதிக்காமல் அது நடக்காது. கூட்டாட்சி என்றால் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆண்டுக்கணக்கில் வரி கட்டுகிறவருக்கு ஊர்க்கூட்டத்திலாவது வாக்கு வேண்டும் என்பதே இன்றும் என் கருத்து.

அப்போதும் பேசத் தடை இல்லை. மாடரேட்டரிடம் அனுமதி கேட்டு, பள்ளிக்குப் போகும் சாலையில் நடைபாதை வேண்டும் என்று பேசினேன். யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை.

அந்தத் தேயிலை பற்றிய பொதுக்கூட்டம் கூடிய, பாஸ்டனின் ஃபானியல் மண்டபத்தில்தான் பிறகு குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். அன்று என் மனத்தில் இருந்தவர் பகத் சிங் திண்ட். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபி அவர். 'வெள்ளையர்' அல்ல என்று சொல்லி 1923-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை மறுத்தது. சாசனமும் உரிமைகளும் அப்போதும் இருந்தன, ஆனால் அவருக்கு உதவவில்லை. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946-ல்தான் சட்டப்படி திறந்தது. போராடி வாங்கித் தந்த வாக்கை வீட்டில் பூட்டி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. கூட்டத்தில் தமிழ் முகங்கள் குறைவு. சில நூறு பேர் ஊர் முழுவதற்கும் பட்ஜெட்டை முடிவு செய்கிறார்கள். இந்த வசந்தத்தில் பள்ளிக்கூடக் கூரைக்குக் கடன் வாங்கும் தீர்மானம் பட்டியலில் இருக்கிறது. கடன் என்பதால் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். நான் ஆதரித்துத்தான் வாக்களிக்கப் போகிறேன். எதிர்க்கிறவர்கள் எதிர்த்து வாக்களியுங்கள், ஆனால் வாருங்கள்.