டகோமாவைத் தூக்கிய பிறகு வந்த நடுக்கமும் டிரைவ் ஷாஃப்ட் கோணமும்

வண்டி 2012 மாடல் டொயோட்டா டகோமா. டபுள் கேப், 4.0 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். அரிசோனாவில் டூசான் பக்கம் குடியிருப்பதால் ரெடிங்டன் பாஸ் மலைப்பாதைக்கு அடிக்கடி போவோம். கற்கள் அடியில் இடிக்காமல் போகவும், 265/75 ஆர்16 டயர் போடவும் முன்னும் பின்னும் 3 அங்குலம் தூக்கச் சொல்லி ஒரு கடையில் விட்டேன். முன்பக்கம் புது காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), பின்பக்கம் புது லீஃப் ஸ்பிரிங் கட்டு. வண்டி பார்க்க அருமையாகத்தான் வந்தது.

கடையிலிருந்து எடுத்து வந்த அன்றே முதல் சிக்னலில் தெரிந்துவிட்டது. பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 10 மைல் வேகத்தில் ஒரு நடுக்கம் தொடங்கி, 25 மைல் தாண்டியதும் மறைகிறது. மெதுவாக உருட்டினால் வராது. மேட்டில் அழுத்தினால் கப் ஹோல்டரில் இருக்கும் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழும். "என்னங்க, தூக்குறதுக்கு முன்னாடி இப்படி இல்லையே" என்றாள் மனைவி. கடையில் கேட்டால், தூக்கிய வண்டி என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அழுத்திக் கேட்ட பிறகு, இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைக் கீழே இறக்கும் 25 மி.மீ. ஸ்பேசர் (இடைத் தகடு) கிட் ஒன்றை மாட்டி, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வந்த நடுக்கம் பாதி குறைந்தது. ஆனால் 50 மைல் வேகத்தில் முன்பு இல்லாத ஒரு ரீங்காரம் புதிதாக வந்து சேர்ந்தது. ஒரு ஸ்பேசர் ஒரு வேகத்து அதிர்வைக் குறைத்து வேறொரு வேகத்தில் கிளப்புகிறது என்றால், அளக்காமல் எதையும் மாட்டிப் பயனில்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகு எல்லா வேலையையும் நானே வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு செய்தேன்.

முதலில் அதிர்வு முன்பக்கத்தில் இருந்து வருகிறதா, பின்பக்கத்தில் இருந்தா என்று பிரிக்க வேண்டும். இந்தத் தலைமுறை டகோமாவில் வீல் ஹப்பைத் தனியே கழற்றி விடும் வசதி கிடையாது. டூ வீலில் ஓடினாலும் முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் சிவி ஆக்சில்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தூக்கினால் அவற்றின் கோணமும் கூடும். முன் டிஃபரென்ஷியலில் (இரு முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) டிரைவர் பக்கம் இருக்கும் ஊசி பேரிங் அப்போது அதிர்வு கொடுப்பது இந்த வண்டிகளில் பலர் பார்த்த கோளாறு. மண் ரோட்டில் அதே வேகத்தில் ஓடும்போது ஃபோர்-ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுப் பாருங்கள். அதிர்வு சட்டென்று நின்றால் அந்தப் பேரிங் மேல் சந்தேகப்படலாம். தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம், இது பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது வழுக்கும் தரையில் மட்டும் போட வேண்டியது. எனக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆக, பின் ஷாஃப்ட்தான்.

டபுள் கேப் டகோமாவில் பின் டிரைவ் ஷாஃப்ட் இரண்டு துண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) சென்டர் பேரிங் வரை ஒன்று, அங்கிருந்து பினியன் (பின் ஆக்சிலுக்குள் சக்தி நுழையும் பல்தண்டு) வரை இன்னொன்று. மொத்தம் மூன்று யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்தபடியே சுற்றும் இணைப்பு). ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் வளைந்து சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். 3 டிகிரியில் அது பொருட்டே இல்லை. 6 டிகிரியில் அரை சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். சாக்கெட் செட்டில் இருக்கும் வளையும் ஜாயிண்டைச் சாய்த்துப் பிடித்து ராட்செட்டைச் சுற்றினால், அந்த வெட்டி வெட்டி இழுக்கும் ஓட்டத்தைக் கையிலேயே உணரலாம். இரண்டு ஜாயிண்டுகள் ஒரே அளவு கோணத்தில், அவற்றைப் பிடிக்கும் யோக்குகள் (கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருந்தால் முதலாவது கெடுப்பதை இரண்டாவது சரிசெய்துவிடும். டிரைவ் ஷாஃப்ட் கணக்கின் அடிப்படையே இதுதான்.

கடை மாட்டிய ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அளந்தேன். காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும், பெரிய விலை இல்லை. சமதளத்தில் வண்டி நான்கு டயரிலும் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டுப் பிடிக்கும் தட்டு) 3.0 டிகிரி, முன் துண்டு 3.3, பின் துண்டு 9.3, பினியன் 4.8. எல்லாமே பின்னால் போகப் போக ஒரே திசையில் சரிகின்றன. அதனால் அடுத்தடுத்த எண்ணைக் கழித்தால் அந்த ஜாயிண்டின் கோணம் கிடைக்கும்: முதலாவது 0.3, நடுவில் 6.0, பினியனில் 4.5.

நடு ஜாயிண்டும் பினியன் ஜாயிண்டும் ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் நின்றன. ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதோடு 6 டிகிரியே அதிகம். இந்த வண்டியில் பின் ஆக்சில் விகிதம் 3.73. இந்த டயரோடு ஐ-10 நெடுஞ்சாலையில் 75 மைலில் போனால் ஷாஃப்ட் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 சுற்று சுற்றும். அந்த வேகத்துக்கு, டிரைவ் ஷாஃப்ட் தயாரிக்கும் டானா ஸ்பைசர் நிறுவனத்தின் அட்டவணை அனுமதிக்கும் உச்சக் கோணம் 5.8 டிகிரி.

சரி, கிளம்பும்போது மட்டும் ஏன் நடுங்கியது? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மொத்தமும் தெளிவானது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே எழும்பும். பினியன் எழும்பினால் அதன் ஜாயிண்ட் கோணம் 4.5-இல் இருந்து இன்னும் குறையும், நடு ஜாயிண்ட் மட்டும் 6.0-லேயே நிற்கும். வித்தியாசம் பெருகும், நடுங்கும். வேகம் பிடித்து முறுக்கு தளர்ந்ததும் பினியன் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆகவே நிற்கும் நிலையில் பினியன் கோணம் நடுக் கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடும்போது இரண்டும் சமமாகும்.

25 மி.மீ. ஸ்பேசர் என்ன செய்தது என்பதும் கணக்கில் தெரிந்தது. அது நடுக் கோணத்தை 2.2-க்கு இறக்கிவிட்டு, முதல் ஜாயிண்டை 2.7-க்கு ஏற்றிவிட்டது. முதல் ஜாயிண்டுக்கு ஈடுசெய்யத் தனி ஜோடி கிடையாது. அதை ஒன்றரை டிகிரிக்குள் வைத்திருப்பதுதான் நல்லது. 50 மைல் ரீங்காரம் அங்கிருந்துதான் வந்தது.

அதனால் 12 மி.மீ. தடிமனில் அலுமினியத் தகடு வெட்டி, அதற்கேற்ற நீளத்தில் 10.9 தர போல்ட் போட்டு சென்டர் பேரிங்கை இறக்கினேன். முதல் ஜாயிண்ட் 1.4, நடு 4.2, பினியன் 3.8 என்று வந்தது. இரண்டும் நெருங்கிவிட்டன, ஆனால் பினியன் இன்னும் 'கொஞ்சம் அதிகம்' என்ற பக்கத்துக்கு வரவில்லை. அதற்கு ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் வைக்க ஒரு டிகிரி ஆப்புத் தகடு, ஸ்டீலில் வாங்கினேன். அலுமினிய ஆப்பு நசுங்கி நழுவும், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டகோமாவில் ஸ்பிரிங் ஆக்சிலின் மேலே உட்காருவதால், தடித்த முனை வண்டியின் முன்பக்கம் பார்த்தால் பினியன் இறங்கும், பின்பக்கம் பார்த்தால் ஏறும். ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் வண்டிகளில் இது தலைகீழ். மாட்டிய பிறகு பினியன் ஜாயிண்ட் 4.8.

ஷாஃப்டைக் கழற்றும்போது ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் ஸ்லிப் யோக்கிலும் (நீளம் கூடிக் குறைய நழுவும் இணைப்பு) வெள்ளை பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டேன். ஸ்பிளைனில் (அந்த இணைப்பின் பல் வரிகளில்) ஒரு பல் மாறி ஏறினாலும் யோக்குகளின் ஒழுங்கு குலைந்து, கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் நடுங்கும். கோட்டைத் துடைத்துவிடும் ஆட்கள் உண்டு. நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கழற்றிய கையோடு மூன்று ஜாயிண்டையும் விரலால் மடக்கிப் பார்த்தேன். நடு ஜாயிண்ட் ஓர் இடத்தில் மட்டும் கட்டையாகத் திரும்பியது, கேப் ஓரத்தில் துருப்பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது. அதையும் மாற்றினேன்.

கடைசியாகச் சேஸியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலை முழுதும் தொங்கவிட்டேன். ஸ்லிப் யோக்கில் ஸ்பிளைன் போதுமான அளவு உள்ளே இருக்கிறதா, எந்த ஜாயிண்டாவது முட்டுகிறதா, பிரேக் ஹோஸும் ஆக்சிலுக்குக் காற்று விடும் பிரீதர் குழாயும் இழுபடுகின்றனவா என்று பார்த்தேன். பிரீதர் குழாய் விறைத்துக்கொண்டு நின்றது, நீளமான குழாய் மாற்றினேன்.

இப்போது சிக்னலில் நடுக்கம் இல்லை. நெடுஞ்சாலையில் ரீங்காரமும் இல்லை. முகாம் சாமான்களை முழுக்க ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, பினியன் கோணம் நடுக் கோணத்தைவிடச் சற்று நகர்கிறது, ஆனாலும் ஒரு டிகிரிக்குள்தான் நிற்கிறது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் புது யூ போல்ட்டுகளைச் சில நூறு மைல் ஓட்டியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்கினேன், நான்குமே கொஞ்சம் இளகித்தான் இருந்தன. புது லீஃப் ஸ்பிரிங் போகப் போக இன்னும் இறங்கும் என்பதால் ஆங்கிள் கேஜை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த அளவு கோடை முடிந்ததும்.