1000 டொலரில் முடிந்ததென்று நினைத்த வழக்கு

2019 ஜனவரி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. வெளியே கார்கள் நின்ற இடத்தில் வழமைபோல யாரோ டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்று கிளாஸ் உள்ளே போனது. வீடு பத்து நிமிட ஓட்டம்தானே என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அடுத்த சந்தியிலேயே பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது.

ஒன்ராறியோவில் அந்த இடத்திலேயே லைசென்ஸ் 90 நாளுக்குப் போய்விடும். காரையும் 7 நாளுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மகனின் குழந்தை சீட்டைக் கழற்ற முடியாமல் குளிரில் விறைத்த விரல்களோடு நான் மல்லுக்கட்ட, மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்றாள்.

"முதல் தரம்தானே, ஒத்துக்கொண்டால் 1000 டொலரோட முடிஞ்சுது" என்றார் தெரிந்த ஒருவர். முதல் குற்றத்துக்கு ஆகக் குறைந்த தண்டம் அதுதான். கூடவே ஒரு வருடம் ஓட்டத் தடை. மே மாதம் கோர்ட்டில் தலையாட்டினேன், பணத்தைக் கட்டினேன். கடன் ஒன்றை அடைத்த மாதிரி நிம்மதியாக பஸ்ஸில் வீடு வந்தேன்.

எட்டு மாதம் கழித்துக் குடிவரவுப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. நான் கனடாவில் தொடர்ந்து இருக்கத் தகுதி உள்ளவனா என்று பார்க்கப்போகிறார்களாம்.

நான் அப்போது வெறும் பிஆர், நிரந்தர வதிவிட உரிமை மட்டும்தான், குடியுரிமை இல்லை. 2018 டிசம்பர் 18 வரை குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உச்ச தண்டனை 5 வருடம். அன்றைக்கு அதை 10 ஆக்கினார்கள். குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவோ, உச்ச தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரைப் பாரதூரமான குற்றவாளி என்கிறது. கோர்ட் எனக்கு எவ்வளவு தந்தது என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை. எவ்வளவு தந்திருக்கலாம் என்பதுதான் கணக்கு. கோர்ட்டில் சின்ன வழக்காக நடந்திருந்தாலும் குடிவரவில் பெரிய வழக்காகத்தான் எண்ணுவார்கள். சட்டம் மாறி ஒரு மாதம்கூட ஆகாமல் நான் மாட்டினேன். அதே பிழையை நவம்பரில் விட்டவனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, ஏனென்றால் குற்றம் நடந்த நாளில் இருந்த உச்ச தண்டனையைத்தான் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது.

"தம்பி, கோட்டுக்குப் போக முதல் எல்லோ என்னட்ட வந்திருக்கவேணும்" என்றார் குடிவரவு லோயர். சில வழக்குகளில் அரச தரப்போடு பேசிக் குற்றச்சாட்டைக் கவனயீனமான ஓட்டம் என்று இறக்கலாமாம். அது மாகாணச் சட்டம், குற்றப்பதிவில் ஏறாது. என் வழக்கில் சரிவந்திருக்குமோ தெரியாது, நான் கேட்கவேயில்லை. ஊரில் காணி வழக்குக்கு மூன்று லோயர் வைத்த குடும்பம் எங்களுடையது.

பிறகு கடிதம் சேர்க்கும் படலம். வேலையிடத்தில் ஒன்று, மகனின் பள்ளிக்கூடத்தில் ஒன்று, குடிப்பழக்க ஆலோசனை வகுப்புக்குப் போன அத்தாட்சி ஒன்று. கோயிலிலும் கேட்டேன். ஐயர் ஏன் எதற்கென்று கேட்காமலே எழுதித் தந்தது இன்னும் கூச்சமாக இருந்தது. பதினான்கு மாதம் கழித்து, இந்தமுறை எச்சரிக்கையோடு விடுகிறோம் என்று பதில் வந்தது. குடியுரிமை விண்ணப்பத்தை நானாகவே தள்ளிப்போட்டேன்.

2024இல் ஐந்து வருடம் முடிய, குற்றப்பதிவை ஒதுக்கிவைக்கச் சொல்லி, அதாவது மன்னிப்புக் கேட்டு, விண்ணப்பித்தேன். ஒருகாலத்தில் 600 டொலருக்கு மேல் இருந்த கட்டணத்தை 2022இல் 50 ஆகக் குறைத்திருந்தார்கள். கிடைத்தது. இனி எல்லாம் துடைத்தாயிற்று என்று நினைத்தேன்.

போன மாதம் நியூஜெர்சியில் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. என்னிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான், அமெரிக்க விசா வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது கைதானீர்களா, தண்டிக்கப்பட்டீர்களா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லவும். கனடாவின் மன்னிப்பு எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆம் என்று அழுத்த, விளக்கம் எழுத ஒரு சின்னப் பெட்டி திறந்தது. சாமத்தியவீட்டை இங்கிலீஷில் என்னவென்று சொல்வது? 'குடும்ப விழா' என்று தட்டினேன்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "பிள்ளை பின்னுக்கு இருந்தவன் எண்டதையும் எழுதுங்கோ."