பிரையர் பைப்: மரத்துக்கு விலை, துளைக்கு மதிப்பு

புகையிலை பிடிக்கும் பிரையர் மரப் பைப்பின் விலையில் பெரும்பங்கு மரத்தின் அழகுக்குப் போகிறது. புகை தடையில்லாமல் வருமா, அடிவரை காய்ந்து எரியுமா என்பதெல்லாம் துளை போட்டவர் கையில் இருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் பளபளக்கும்போது அழகான மரமும் நல்ல துளையும் ஒன்றுபோலத் தோன்றும்.

முதலில் மரம். எரிக்கா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடலோரப் புதரின் அடியில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே திரளும் கட்டிதான் பிரையர். கோர்சிகா, சார்டினியா, கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா பக்கங்களில் தோண்டி எடுக்கிறார்கள். அறுத்த கட்டைகளை மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளையும் வெளியேற்றி, பிறகு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் உலர்த்துவார்கள். அது ஒழுங்காக நடந்ததா என்பதைக் கடையில் நின்று சொல்லிவிட முடியாது. புகைக்கத் தொடங்கியபின் விடாத கசப்பு காட்டிக்கொடுக்கும். தயாரிப்பாளரின் பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். எந்த ஊர் மரம் என்று விற்பவர் விரித்துச் சொல்லும் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கட்டியின் வெளிப்புறத்தில் வெட்டியது பிளாட்டோ, உட்புறத்தில் வெட்டியது எபோஷான். பெரும்பாலும் வெளிப்புறக் கட்டையில்தான் ரேகைகள் கீழிருந்து மேலாக நேராக ஓடும். அதை ஸ்ட்ரெயிட் கிரெயின் என்பார்கள். அதே ரேகையைக் குறுக்கே வெட்டினால் சிறு வட்டப் புள்ளிகள், அதாவது பேர்ட்ஸ் ஐ. புகையிலை போடும் கிண்ணம் முழுக்கச் சீரான நேர் ரேகையும், எங்கேயும் ஒரு குழிகூட இல்லாத மேற்பரப்பும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பிரையரில் இயற்கையாகவே சிறு குழிகள் உண்டு, கட்டையைக் கடையும்போதுதான் அவை வெளியே வரும். குழி இல்லாதது வழவழப்பான பைப்பாக உயர்ந்த விலைக்குப் போகும். குழி இருந்தால் மணலை வேகமாக அடித்து மென்மையான பகுதியை அரித்தெடுப்பார்கள், அது சாண்ட்பிளாஸ்ட். டன்ஹில் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1917-இல் ஷெல் என்ற பெயரில் கொண்டுவந்தபின் பரவிய முறை இது. உளியால் செதுக்கிச் சொரசொரப்பாக்குவது ரஸ்டிக், பெரும்பாலும் கடைசி வரிசை. ஒரே பட்டறையில் இந்த மூன்றுக்கும் துளை போடும் கை ஒன்றுதான். புகைப்பதற்காக வாங்குகிறவருக்கு நல்ல தயாரிப்பாளரின் ரஸ்டிக்கைவிடக் காசுக்கு ஏற்ற பொருள் வேறு இல்லை என்பேன்.

குழியை மறைக்க இன்னொரு வழி, மக்கு வைத்து அடைப்பது. விளக்குக்குச் சாய்வாகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ரேகை ஓடிவந்து ஓரிடத்தில் சட்டென நின்று, மங்கலான ஒரே நிறப் பொட்டு தெரிந்தால் அது அடைப்பு. அடர்ந்த சாயமும் தடித்த வார்னிஷும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெளியே ஒன்றிரண்டு சிறு அடைப்பு இருந்தால் புகைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அடைப்புள்ள பைப்புக்குக் குறையற்ற பைப்பின் விலையைக் கொடுக்கக் கூடாது. தடித்த வார்னிஷ் சூட்டில் கொப்பளிக்கும், உரியும். வார்னிஷுக்குப் பதில் பூசும் கார்னூபா என்ற தாவர மெழுகு மங்கினால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

இனி துளை. முதல் சோதனைக்கு ஒரு பைப் கிளீனர், அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி, போதும். வாயில் வைக்கும் பகுதியான ஸ்டெம்மைக் கழற்றாமல் வாய்ப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். எங்கும் முட்டாமல் கிண்ணத்தின் அடியில் எட்டிப்பார்க்க வேண்டும். வளைந்த பைப்பில், கிண்ணத்தையும் ஸ்டெம்மையும் இணைக்கும் காம்புக்குள் முட்டி நின்றால், புகைத்து முடிக்கும்முன் ஈரத்தைத் துடைத்தெடுக்க வழி இல்லை. பீட்டர்சன் நிறுவனத்தின் சிஸ்டம் என்ற வகை மட்டும் விதிவிலக்கு. அதில் ஈரம் தங்கவென்றே காம்பில் ஒரு கிணறு வைத்திருப்பார்கள்.

அடுத்து, கைப்பேசி விளக்கைக் கிண்ணத்துக்குள் காட்டுங்கள். காற்றுத்துளை அடிப்பகுதியின் நடுவில், தரையோடு ஒட்டித் திறக்க வேண்டும். 2, 3 மில்லிமீட்டர் உயரத்தில் திறந்தால் அதற்குக் கீழே கிடக்கும் புகையிலை எரியாது. ஈரச் சேறாக நின்று ஒவ்வொரு முறையும் புளித்த வாடை தரும். தரையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தால் அடி மெலிந்து எரிந்து ஓட்டையாகலாம். அடியின் கனத்தை அளக்க, கிளீனரைக் கிண்ணத்துக்குள் தரை தொடும்வரை விட்டு விளிம்பருகே கிள்ளிப் பிடித்து, அதே அளவை வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் யோசிக்கலாம். பக்கச் சுவரும் ஏறக்குறைய அவ்வளவு கனம் வேண்டும், சுற்றிலும் சமமாக. உள்விட்டம் 19, 20 மில்லிமீட்டர் இருந்தால் எந்தப் புகையிலைக்கும் பொருந்தும்.

ஸ்டெம்மின் முளை காம்பின் குழிக்குள் உட்காரும் இடம்தான் அதிகம் கோட்டைவிடப்படுவது. முளையின் நீளத்தையும் குழியின் ஆழத்தையும் கிளீனரால் அளந்து ஒப்பிடுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் சூடான புகை அங்கே விரிந்து குளிர்ந்து நீராகும்; இழுக்கும்போது கொளகொள சத்தம் அதனால்தான். 9 மில்லிமீட்டர் ஃபில்டருக்குச் செய்த பைப்பை ஃபில்டரும், அதற்குப் பதில் செருகும் அடாப்டரும் இல்லாமல் பயன்படுத்தினாலும் இதே கதை. காற்றுத்துளை 3.5 முதல் 4 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. காலிப் பைப்பை இழுத்துப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. விசிலடித்தால் எங்கோ குறுகலாக இருக்கிறது.

ஸ்டெம்மில் பல்லுக்கு அடியில் வரும் இடம் 4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பக்கமாக இருந்தால் உறுத்தாது, 5-ஐத் தாண்டினால் வாய் வலிக்கும். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான வல்கனைட் மென்மையானது, ஆனால் அதிலுள்ள கந்தகத்தால் வெளிச்சம் பட்டுப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அக்ரிலிக் மாறாது, பல்லுக்குக் கடினம். வாயில் கடித்தபடியே புகைப்பவர்கள் எடையையும் பாருங்கள். 40 கிராமுக்குள் சுகம், 60-க்கு மேல் தாடை சொல்லிவிடும்.

பழைய பைப் வாங்கும்போது நிறம் மாறிய ஸ்டெம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். பயப்பட வேண்டியவை வேறு. காம்பின் முனையில் குழியிலிருந்து கிளம்பும் விரிசல், அதை மறைக்கப் பிற்பாடு மாட்டிய உலோக வளையம், கிண்ணத்தின் வெளிச்சுவரில் தனியாகக் கறுத்த திட்டு. அந்தத் திட்டு உள்ளிருந்து எரிந்துவருவதன் அடையாளம். கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரிப்படிவு 1, 1.5 மில்லிமீட்டர் கனம் போதும்; அதைவிடத் தடித்தால் சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. காம்பில் பொறித்த எழுத்து மங்கியிருந்தால் யாரோ அளவுக்குமீறி மெருகு போட்டிருக்கிறார்கள், சேகரிப்பாளர் விலை அதோடு போயிற்று. ஸ்டெம்மில் டன்ஹில்லின் அடையாளமாக இருக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்றை மட்டும் நம்பி டன்ஹில் என்று வாங்கிவிடாதீர்கள், புள்ளி வைப்பது யாருக்கும் எளிது. நாட்டுப் பெயரையடுத்து வரும் ஆண்டு எண்ணும் மற்றப் பொறிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் ஸ்டெம்மைக் கழற்றிய நிலையில் காம்பின் முனை, மேலிருந்து கிண்ணத்தின் உட்புறம், பொறிப்பு என மூன்று படங்களாவது கேட்டு வாங்குங்கள்.