ஒரே நெஞ்சில் இரண்டு வயது

"ஏனுங்க சிஸ்டர், இவருக்கு அறுபத்தெட்டு ஆச்சு. அந்த வயசான ரத்தக்குழாயையே எடுத்து ஒட்டுப்போட்டா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" பைபாஸுக்கு முந்தின நாள் வீட்டம்மாக்கள் கேட்கிற கேள்வி இது. கோவையில் இதய அறுவை அரங்கில் செவிலியாக இருக்கிறேன். வார்டில் நின்றபடி முழுசாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, இங்கே எழுதுகிறேன்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இடப்பக்கம் ஓடும் மார்புத் தமனியை அரங்கில் 'லிமா' என்போம். அதைப் பிரித்தெடுத்துத்தான் இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைப்பார்கள். இதயத் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். லிமா மெத்தென்று இருக்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அடைபடாமல் ஓடும். இத்தனைக்கும் இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே ரத்தம்.

2002இல் ஜப்பானின் மினாமினோ, கொமுரோ குழுவினர், முதுமையடைந்த செல்களை மட்டும் நீலமாக்கும் சாயத்தை இந்த இரண்டு தமனிகளிலும் ஏற்றிப் பார்த்தார்கள். அடைப்பு வந்த இதயத் தமனியின் உட்சுவர் நீலமானது. அதே நோயாளிகளின் மார்புத் தமனியில் நீலம் ஏறவில்லை.

முதுமையடைந்த செல் செத்துப்போவதில்லை, சிக்கலே அதுதான். குழாயின் உள்பக்கம் ஒற்றை அடுக்காகப் பதிந்திருப்பவை எண்டோதீலியல் செல்கள். ஒன்று உதிர்ந்தால் பக்கத்துச் செல் பிரிந்து இடத்தை நிரப்பும். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியர் என்னும் காப்புறை குறைந்து, ஒரு கட்டத்தில் பிரிவதே நின்றுவிடும். குழாய் கிளை பிரியும் இடங்களில் ரத்தம் சுழன்று மோதுவதால் அங்கே தேய்மானம் அதிகம். சிகரெட், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும்.

நின்ற செல் சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 என்று அழற்சியை (திசுவின் உள்வீக்கத்தை) தூண்டும் புரதங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஐகாம்-1 கூடுகிறது. ஒட்டிய வெள்ளையணுக்கள் சுவருக்குள் புகுந்து, தேங்கிய கொழுப்பை விழுங்கி நுரைச்செல்களாகி, அவையும் அழற்சியைக் கூட்டுகின்றன. பக்கத்திலிருக்கும் நல்ல செல்லையும் அந்தக் கசிவு முதுமையாக்கிவிடும். கசிவில் வரும் நொதிகள் கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பு.

கொலஸ்ட்ரால் மட்டும்தான் எதிரி என்று நினைப்பவர்கள் 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. அழற்சியை மட்டும் அடக்கும் ஊசியை 150 மி.கி. போட்டவர்களிடம், கெட்ட கொழுப்பு குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 15% குறைந்தன. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் சற்று அதிகம். அழற்சியை அடக்கினால் நோய் எதிர்ப்பும் சேர்ந்து அடங்குகிறது.

இன்னொரு மருந்து எங்கள் பக்கத்தது. திருப்பூர் மாவட்டம் மூலனூர்க் காடுகளில் பயிரிடும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருக்கும் கோல்சிசின்தான் அது. 0.5 மி.கி. மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் இதயநோய்க்கென அனுமதி கிடைத்தது. கிழட்டுச் செல்லை அது அகற்றாது, அழற்சியைத் தணிக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் விதையையோ கிழங்கையோ அரைத்துக் குடித்துவிடாதீர்கள். உயிரைப் பறிக்கும் விஷம் அது. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு மாத்திரையேகூட ஆபத்தாகலாம். இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள்.