போஸ்ட்ஃபிக்ஸ் எழ மறுத்த நாற்பது நிமிடங்கள்

லினக்ஸ் நிர்வாகத்துக்கான செய்முறைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே வினா: இந்தக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் (மின்னஞ்சல் அனுப்பிப் பெறும் சர்வர் மென்பொருள்) இயங்கவில்லை, இயங்க வை.

சேவையைத் தொடங்கும் 'ஸ்டார்ட்' கட்டளையைக் கொடுத்தேன். தோல்வி. மறுபடியும் கொடுத்தேன், ஏதோ முதல் தடவை அதற்குக் காது கேட்கவில்லை என்பதுபோல. பிறகு மென்பொருளையே நீக்காமல் மேலேயே மீண்டும் நிறுவினேன். அப்படி நிறுவினால், யாரோ மாற்றி வைத்த அமைவுக் கோப்பு மாறாமல் அப்படியே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடங்கள் போயின.

காரணம் லாக்கில், அதாவது நிரல்கள் தம் நடப்பை எழுதிவைக்கும் பதிவில், முதல் நொடியிலிருந்தே எழுதப்பட்டிருந்தது. ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் 'மெயில்லாக்' கோப்பு, டெபியன் வகைகளில் 'மெயில்.லாக்', இல்லையென்றால் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளை. 'ஃபேட்டல்' என்ற சொல்லைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வரி, இனெட்_இன்டர்ஃபேசஸ் அமைப்பில் (எந்த நெட்வொர்க் முகவரிகளில் அஞ்சல் வாங்குவது என்று சொல்வது) குறிப்பிட்ட ஹோஸ்ட், அதாவது கணினி, கிடைக்கவில்லை என்பது. இதில்தான் சூழ்ச்சி. போஸ்ட்ஃபிக்ஸின் அமைவுக் கோப்பான மெயின்.சிஎஃபில் அந்த அமைப்பின் வரி குற்றமற்றது. மதிப்பு 'ஆல்' (எல்லாம்) என்று சரியாகவே இருக்கும். குற்றவாளி அடுத்த வரி: அதன் தொடக்கத்தில் ஓர் இடைவெளி. இடைவெளியில் தொடங்கும் வரியை முந்தைய வரியின் தொடர்ச்சியாகவே போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு, அந்த நீண்ட மதிப்பின் ஒவ்வொரு சொல்லும் ஒரு கணினியின் பெயராகத் தேடப்படும்.

கண்ணால் கோப்பை எத்தனை முறை படித்தாலும் இது சிக்காது. 'போஸ்ட்கான்ஃப் -என்' கட்டளை கொடுத்தால், கோப்பிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸ் புரிந்துகொண்டது என்ன என்பதைக் காட்டும். ஒட்டிய வரி அங்கே பளிச்சென்று தெரியும். இரண்டாம் முறை தயாரானபோது மெய்நிகர் கணினியில் இந்த இடைவெளியை நானே வைத்து, நானே கண்டுபிடித்துப் பழகினேன். 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' கட்டளையையும் பழகிக்கொள்ளுங்கள். கோப்பு உரிமைகளில் உள்ள கோளாறுகளை அது சொல்லிவிடும்.

இன்னொரு வழக்கமான தடை: அஞ்சல் வந்துசேரும் 25ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) ஏற்கெனவே சென்ட்மெயிலோ எக்ஸிமோ போன்ற வேறு அஞ்சல் சர்வர் உட்கார்ந்திருப்பது. 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று லாக் சொன்னால் எந்த போர்ட்டை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, இயக்குங்கள். சாதாரணப் பயனராக இயக்கினால் பிறருடைய நிரலின் பெயர் தெரியாது. போர்ட் மட்டுமே தெரியும்.

டெபியனின் பல பதிப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் சேவையின் நிலையைக் கேட்டால் 'ஆக்டிவ்' என்று பச்சையில் வரும், பக்கத்திலேயே 'எக்ஸிட்டட்' (முடிந்துவிட்டது) என்றும் இருக்கும். அது வெறும் உறை. உண்மையான சேவை 'போஸ்ட்ஃபிக்ஸ்@-' என்ற பெயரில் தனியே இருக்கிறது. பச்சையைப் பார்த்து அடுத்த வினாவுக்கு நகர்ந்துவிடாதீர்கள்.

ஓடத் தொடங்கியதும், கணினி எழும்போதெல்லாம் சேவை தானே தொடங்க 'எனேபிள்' கட்டளை கொடுத்துவிட்டே நகருங்கள். கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே மதிப்பெண் போடும் தேர்வுகள் இருக்கின்றன.