பிரெய்டை இறுக்கிச் சுற்றுங்கள்

மீன்பிடிக்கப் புதிதாகப் பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல், வாங்கும் நண்பர்கள் எந்த நிறம், எத்தனை இழை என்று நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதை ரீலில், அதாவது தூண்டில் கோலில் பொருத்தும் நூல் சுற்றும் கருவியில், எப்படிச் சுற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. கடையில் இயந்திரம் இருக்கிறது, சுற்றித் தந்துவிடுவார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். நிதானமான ஆள் சுற்றினால் அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ரீலில் நூல் ஏறும் பகுதியான ஸ்பூலின் அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். பிரெய்டு மீது சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை சுற்றும்போதே உண்டானவை என்பது என் உறுதியான கருத்து. அதனால் என் ரீல்களை நான்தான் சுற்றுவேன். நண்பர்களுடையவற்றையும் கேட்டு வாங்கிச் சுற்றித் தருவேன்.

பிரெய்டு மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்படுவது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது இந்த இழைதான். தண்ணீரைவிட இலேசானது என்பதால் மிதக்கும், இழுத்தால் ஏறக்குறைய நீளாது, தொட்டால் வழுக்கும். இந்த வழுக்கல்தான் முதல் சிக்கல். பின்னாத ஒற்றை இழை நூலான நைலான் மோனோ சற்று நீண்டு, சுருங்கி ஸ்பூலின் தண்டைக் கவ்விக்கொள்ளும். பிரெய்டு உலோகத்தைக் கவ்வாது. வெறும் ஸ்பூலில் கட்டினால், பெரிய மீன் இழுக்கும்போது சுற்றியிருக்கும் மொத்த நூலும் ஒரு வளையம் போலத் தண்டின் மேல் சுழலும். மீன் பலமாக இழுக்கும்போது நூலை அளவாக விடும் தடையான டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நூல் போய்க்கொண்டே இருக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலையே பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிராக்கை முழுவதும் இறுக்கி, கையுறை போட்டுக்கொண்டு நூலை இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் நிற்க, நூல் மட்டும் சுழன்றால் விடை கிடைத்துவிட்டது.

இதற்குச் சிலர் ஸ்பூலில் மின்கம்பி ஒட்டும் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டுப் பிரெய்டைக் கட்டுகிறார்கள். வேலை செய்யும். நாளடைவில் அதன் பசை கசிந்து பிசுபிசுப்பதால் எனக்கு அது பிடிக்காது. சில புதிய ஸ்பூல்களில் தண்டிலேயே ரப்பர் பட்டை இருக்கும். அதில் நேராகக் கட்டலாம். மற்றவற்றில் அடியில் மோனோ சுற்றுவதே என் வழக்கம். வழுக்கல் நிற்பதோடு, குறைந்த பிரெய்டிலேயே ஸ்பூலும் நிரம்பும்.

எவ்வளவு மோனோ என்பதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. நூல் பிடிக்கும் இடம் அதன் நீளத்தையும் விட்டத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ரீலில் 0.30 மி.மீ. நூல் 200 மீட்டர் கொள்ளும் என்று அச்சிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.30ஐ 0.30ஆல் பெருக்கி, 200ஆல் பெருக்கினால் 18. நம்மிடம் இருப்பது பிஇ 2 எண் பிரெய்டு, 150 மீட்டர். ஜப்பானியக் கணக்கில் பிஇ 2 என்பது 0.235 மி.மீ. விட்டம். அதே பெருக்கலில் சுமார் 8.3 வருகிறது. மீதி 9.7. அதை 0.09ஆல் வகுத்தால், அடியில் 0.30 மோனோ ஏறத்தாழ 108 மீட்டர். கணக்கில் விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. முதலில் பிரெய்டைச் சுற்றி, அதன் மேல் விளிம்புவரை மோனோவைச் சுற்றி வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் வேறு ஸ்பூல்களுக்கு மாற்றித் தலைகீழாகத் திரும்பச் சுற்றலாம். அளவு மிகச் சரியாக வரும்; பொறுமைதான் வேண்டும்.

கட்டுவதற்கு முன் நூலை ராடின் (தூண்டில் கோலின்) அடி வளையத்துக்குள் நுழைத்து, நூலை ஸ்பூலில் ஏற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியைத் திறந்து வையுங்கள். கம்பி மூடியிருக்கும்போது ஸ்பூலில் முடிச்சுப் போட்டால் சுற்றவே முடியாது. மோனோவையும் பிரெய்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். மோனோவுக்கு ஐந்து சுற்று, பிரெய்டுக்கு எட்டு. இறுக்குவதற்கு முன் முடிச்சை நனைத்துவிடுங்கள். இந்த இழை 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். உலர்ந்த முடிச்சைச் சரேலென்று இழுத்தால் உரசலின் சூடே அதைப் பலவீனமாக்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. நூல் வந்த உருளையை ஒரு பென்சிலில் கோத்து, என் மகளிடம் இரு கைகளாலும் பிடிக்கச் சொல்வேன். உருளை பென்சிலின் மேல் தானாக உருண்டு நூலை நேராக விடவேண்டும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்து, அடி வளையத்துக்கு முன்னால் நூலை அதற்குள் வைத்து, இடது கையால் நானே அழுத்திப் பிடிப்பேன். வெறும் விரலால் ஒருபோதும் பிடிக்காதீர்கள். வேகமாக ஓடும் பிரெய்டு தோலை அறுத்துவிடும். வலது கை கைப்பிடியைச் சீராகச் சுற்றும். "அப்பா, கை வலிக்கிறது" என்பாள். "ஓய்வு எடுத்துக்கொள் அம்மா, அவசரமில்லை" என்று நிறுத்திவிடுவேன். நிறுத்தும்போதும் நூலைத் தளர விடமாட்டேன். துணி காய்ந்தால் மறுபடி நனைக்கவேண்டும்.

எவ்வளவு இறுக்கம் என்று பலர் எண்ணில் கேட்கிறார்கள். என் விடை கட்டைவிரல்தான். சுற்றிய நூலின் மேல் விரலை அழுத்தினால் மரக்கட்டையைத் தொட்டது போல இருக்கவேண்டும். கொஞ்சம் அமுங்கினாலும் நான் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவேன். காரணம் இருக்கிறது. தளர்வான அடுக்கின் மேல் மீன் இழுக்கும் வேகத்தில் மெல்லிய நூல் ஏறினால், அது கீழடுக்குகளைப் பிளந்து உள்ளே புதைந்துகொள்ளும். அடுத்த முறை வீசும்போது புதைந்த இடத்தில் நூல் சட்டென்று நிற்கும். தூண்டில் முனையில் இருந்த போலி இரை அறுந்து தனியாகப் பறக்கும். அல்லது ஒரு சுற்று வெளியேறும்போது பக்கத்துச் சுற்றுகளையும் கொத்தாக இழுத்துக்கொண்டு போய் வளையத்தில் சிக்கலாக அடைத்துக்கொள்ளும். காற்றால் விழுந்த சிக்கல் என்று அதைச் சொல்கிறார்கள். காற்றைவிடத் தளர்ச்சிக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

விளிம்புவரை நிரப்பும் ஆசையையும் அடக்கவேண்டும். விளிம்புக்குக் கீழே 2 மி.மீ. விட்டு நிறுத்திவிடுவேன். மிகக் குறைத்தாலும் நூல் விளிம்பில் உரசி, வீச்சின் தூரம் குறையும். பாதி சுற்றியதும் ஒரு முறை பக்கவாட்டில் பாருங்கள். நூல் ஸ்பூலின் முன்பக்கம் குவிந்தால் ஸ்பூலுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷரைச் சேர்க்கவேண்டும். பின்பக்கம் குவிந்தால் ஒன்றை எடுத்துவிடவேண்டும். பல ரீல்களோடு இந்த வாஷர்கள் ஒரு சிறு பொட்டலத்தில் வரும். பெட்டியோடு அதைத் தூக்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தண்ணீருக்குப் போனதும் முதல் வீச்சுகள் குறுகியவையாக இருக்கட்டும். இரை விழுந்தவுடன் கைப்பிடியைத் திருப்பிப் பெயில் கம்பியை மூடாமல், கையால் மூடி, நூலைச் சிறிது இழுத்துத் தொய்வை எடுத்த பிறகு சுற்றுங்கள். டிராக் நூலை விட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பது நூலை முறுக்கிவிடும். அப்போது கையை நிறுத்துங்கள்.

நன்றாகச் சுற்றிய பிரெய்டு நெடுநாள் உழைக்கும். முன்பகுதி பிசிறடித்து நிறம் வெளுத்தால் முழுவதையும் தூக்கி எறியவேண்டாம். பிரெய்டை வேறொரு உருளைக்கு மாற்றி, மாற்றிய உருளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒருமுறை கடத்தி, பழைய முனையை மோனோவோடு முடிந்து சுற்றினால், இதுவரை வெயிலே படாத அடிப்பகுதி மேலே வந்துவிடும். அந்த முறையும் ஈரத் துணி வேண்டும்.